டி.சி. எழுதிக் கொடுத்தா பயப்படாதீங்க!

காலேஜ்ல 'டி.சி. கொடுத்துடுவேன்'னு ஹெச்.ஓ.டி. கத்தினா என்ன அர்த்தம்? மூட்டை முடிச்சைக் கட்டுனு அர்த்தம். அதே டி.சி.யை ஒரு டாக்டர் சீட்டுல எழுதிக் கொடுத்தா..? லேப்ல போய் ரத்தம் கொடுத்துட்டு வானு அர்த்தம்!

இது மட்டுமா? 'ஓ.டி.'னா நமக்கு கல்ச்சுரல்ஸ் போக வாங்குற ஆன் டியூட்டி. வேலைக்குப் போற அண்ணனுக்கு ஓவர் டைம். ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர். 'ஓ.பி.'னா நமக்கு வேலை செய்யாம டிமிக்கி கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில வெளிநோயாளிகள் பிரிவு. ஸ்கூல்ல 'பி.டி.' பீரியட்னா கிரவுண்டுக்கு ஓட்டம். லேப்ல பி.டி.னா ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகுதுனு பார்க்கிற டெஸ்ட்!

சிரிப்பா இருக்குல்ல? ஆனா, அப்பாவுக்கோ பாட்டிக்கோ டெஸ்ட் எழுதினதும் சீட்டை வாங்கிட்டு லேப் வாசல்ல நிக்கிறது யாரு? 'நீதான் படிச்ச புள்ளையாச்சே, என்னனு பாரு'னு வீடே யாரைப் பார்க்குது? உங்களைத்தான் பாஸ்! டி.எம்.எல்.டி., நர்ஸிங் படிக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு இது முதல் வருஷப் பாடம். இன்ஜினீயரிங், ஆர்ட்ஸ், காமர்ஸ் மக்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்லை. அதனால வாங்க... ரத்தம் எடுக்கிற இடத்துல புழங்குற சுருக்கங்களுக்கு ஒரு க்ராஷ் கோர்ஸ் போயிட்டு வரலாம்.

சீட்டுல அப்படி என்னதான் எழுதியிருக்கு?

முதல்ல 'சி.பி.சி.' கம்ப்ளீட் பிளட் கவுன்ட். காய்ச்சல்னு போனாலே பெரும்பாலும் இதுதான். ரத்தத்துல இருக்கிற செல்களுக்கு எடுக்கிற சென்சஸ்னு வெச்சுக்கங்க. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் எத்தனைனு எண்ணிடுவாங்க. இதுக்குள்ள வர்ற 'எச்.பி.' நம்ம ஹீமோகுளோபின். ஆம்பளைங்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனா ரத்தசோகைனு உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கு. பிளேட்லெட் வழக்கமா ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1.5 லட்சத்துல இருந்து 4.5 லட்சம் வரை இருக்கும்.

இப்போ அந்த டி.சி. மேட்டர். இதுல ஒரு காமெடி உண்டு. லேப் சீட்டுல டி.சி. ரெண்டு முறை வரும். ஒண்ணு டோட்டல் கவுன்ட், அதாவது வெள்ளையணுக்கள் மொத்தம் எத்தனை. இன்னொண்ணு டிஃபரென்ஷியல் கவுன்ட், அந்த வெள்ளையணுக்கள்ல எந்த ரகம் எத்தனை சதவிகிதம். இங்கிலீஷ்ல முதல் எழுத்து மாறும். நம்ம வாயில வந்தா ரெண்டும் டி.சி.தான்!

கூடவே ஒட்டிக்கிட்டு வர்றது 'ஈ.எஸ்.ஆர்.' ஒரு குழாய்ல ரத்தத்தை நிக்க வெச்சு, ஒரு மணி நேரத்துல சிவப்பணுக்கள் எத்தனை மில்லி மீட்டர் கீழே இறங்குதுனு பார்ப்பாங்க. உடம்புக்குள்ள எங்கேயோ அழற்சி இருக்குனு கோடு காட்டும். எங்கே, எதனாலனு சொல்லாது.

அடுத்து, தமிழ்நாட்டுல பாதி வீட்டுக்குப் பழக்கமான சர்க்கரை குடும்பம். 'எஃப்.பி.எஸ்.'னா வெறும் வயித்துல. குறைஞ்சது 8 மணி நேரம் சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணி குடிக்கலாம். 'பி.பி.பி.எஸ்.'னா சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு. இங்கேதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுவாங்க. அந்த 2 மணி நேரம் முதல் வாய் இட்லியில இருந்து ஆரம்பிக்குது, கை கழுவுறதுல இருந்து இல்லை! 'ஆர்.பி.எஸ்.'னா எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். விரல் நுனியில குத்தி மெஷின்ல பார்த்தா அது 'சி.பி.ஜி.' 'எச்.பி.ஏ.1.சி.' மட்டும் ஏமாத்த முடியாத ஆள். ரெண்டு மூணு மாசத்தோட சராசரியைச் சொல்லிடும். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் ஸ்வீட்டை விட்டுட்டு நல்ல புள்ளையா நடிச்சா இது காட்டிக் கொடுத்துடும். வெறும் வயித்துல 126-ம் அதுக்கு மேலேயும், ஏ.1.சி.யில 6.5 சதவிகிதமும் அதுக்கு மேலேயும் போனா சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோட்டைத் தாண்டியாச்சு.

'எல்.எஃப்.டி.' கல்லீரலுக்கு. 'ஆர்.எஃப்.டி.' கிட்னிக்கு. 'டி.எஸ்.எச்.' தைராய்டுக்கு. பொட்டாசியத்துக்கு 'கே', சோடியத்துக்கு 'என்.ஏ.'னு எழுதியிருப்பாங்க. பேருக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையேனு முழிக்காதீங்க. காலியம், நாட்ரியம்னு லத்தீன் பேர்ல இருந்து வந்தது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில ஆவர்த்தன அட்டவணையைப் படிச்சது இதுக்காவது உதவட்டும்!

மூடிக்கு ஏன் இத்தனை கலர்?

ரத்தம் எடுக்கிறப்ப கவனிச்சிருக்கீங்களா? ஊதா, நீலம், சிவப்பு, மஞ்சள், சாம்பல்னு குட்டிக் குட்டி டியூப்கள். அது அழகுக்கு இல்லை. ரெசிஸ்டர்ல கலர் பார்த்து ஓம் கணக்கு சொல்றோமே, அந்த மாதிரி இதுவும் ஒரு கலர் கோடு. மூடியோட கலரைப் பார்த்தாலே உள்ளே என்ன மருந்து இருக்குனு தெரிஞ்சிடும்.

ஊதா மூடிக்குள்ள 'ஈ.டி.டி.ஏ.' இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இன்ஜினீயரிங் முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல தண்ணியோட கடினத்தன்மையைக் கண்டுபிடிக்க ப்யூரெட்ல ஊத்தினோமே... அதே ஈ.டி.டி.ஏ.தான்! அங்கே தண்ணியில இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். இங்கே ரத்தத்துல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். கால்சியம் இல்லைனா ரத்தம் உறையாது. உறையாத ரத்தத்துலதான் செல்களை எண்ண முடியும். அதனாலதான் சி.பி.சி.க்கும் ஏ.1.சி.க்கும் ஊதா.

நீல மூடிக்குள்ள சோடியம் சிட்ரேட். பி.டி., ஏ.பி.டி.டி. மாதிரி உறைதல் டெஸ்ட்களுக்கு. பி.டி.யோட ஜோடியா வர்ற 'ஐ.என்.ஆர்.' எல்லா லேப் ரிசல்ட்டையும் ஒரே அளவுகோல்ல கொண்டுவர்ற கணக்கு. ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்க இந்த நம்பரை வெச்சுத்தான் டோஸை ஏத்துவாங்க, இறக்குவாங்க. நீல டியூப்ல 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட், இந்த அளவு மாறவே கூடாது. 'கொஞ்சமா எடுத்துக்கங்க, புள்ள பயப்படுது'னு கெஞ்சி டியூப் பாதியில நின்னா, சிட்ரேட் அதிகமாகி ரத்தம் உறைய லேட்டாகிற மாதிரி தப்பா காட்டும். அதான் லேப்காரங்க அதை 'க்யூ.என்.எஸ்.'னு எழுதித் திருப்பி அனுப்புறாங்க. அளவு பத்தலைனு அர்த்தம். கோபப்படாம இன்னொரு முறை கையை நீட்டுங்க.

சாம்பல் மூடிக்குள்ள சோடியம் ஃப்ளோரைடு. இது சர்க்கரைக்கு. ரத்தத்தை வெளியே எடுத்த பிறகும் செல்கள் உயிரோடதான் இருக்கும். அதுங்களுக்கும் பசிக்கும். ரத்தத்துல இருக்கிற குளுகோஸை மணிக்கு சுமார் 5-லிருந்து 7 சதவிகிதம் வரை தின்னுட்டே இருக்கும். ஃப்ளோரைடு அந்தச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துது. ஒரு கணக்கு போடுங்க. வெறும் வயித்துல 130 இருக்கிற ஒருத்தர் ரத்தத்தை வேற டியூப்ல எடுத்து, 2 மணி நேரம் அப்படியே மேஜையில வெச்சுட்டா சுமார் 115-க்கு இறங்கிடும். 126-ங்கிற கோட்டுக்கு மேலே இருந்தவர், பேப்பர்ல கோட்டுக்குக் கீழே! நோய் இருந்தும் 'அந்த அளவுக்கு இல்லை'னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவார்.

சிவப்பும் மஞ்சளும் ரத்தம் உறையணும்னே வெச்சிருக்கிற டியூப்கள். உறைஞ்ச பிறகு மேலே தெளிஞ்சு நிக்கிற சீரம்லதான் கல்லீரல், கிட்னி, தைராய்டு, கொழுப்பு டெஸ்ட் எல்லாம் பார்ப்பாங்க. பச்சையில ஹெப்பாரின்.

கண்ணா, நீ சிரிச்சா..!

ஒரே ஆளுக்கு நாலஞ்சு டெஸ்ட் இருந்தா, ஒரே குத்துல நாலஞ்சு டியூப் நிரப்புவாங்க. எதை முதல்ல நிரப்பணும்ங்கிறதுக்கும் ரூல் இருக்கு. 'ஆர்டர் ஆஃப் டிரா'னு பேர். கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியா சாம்பல்.

மனப்பாடம் பண்ண கஷ்டமா? நம்ம ஸ்டைல்ல ஒரு ஃபார்முலா பிடிங்க...

'கண்ணா நீ சிரிச்சா பஸ்ஸே ஊட்டியில சாயும்!'

க - கல்ச்சர், நீ - நீலம், சி - சிவப்பு, ப - பச்சை, ஊ - ஊதா, சா - சாம்பல். டி.எம்.எல்.டி. மக்களே, எக்ஸாம் ஹால்ல சிரிச்சு மாட்டிக்காதீங்க!

வரிசை மாறினா என்னதான் ஆகிடும்? லேப்ல பயன்படுத்துற ஈ.டி.டி.ஏ. பொட்டாசியம் உப்பா இருக்கும். ஊதா டியூப்ல இருந்து ஒரு துளி அடுத்த சிவப்பு டியூப்ல கலந்துட்டா, பொட்டாசியம் தாறுமாறா ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டும். பொட்டாசியம் வழக்கமா 3.5-க்கும் 5-க்கும் நடுவுல இருக்கணும். அது ரொம்ப ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். அப்போ ஒண்ணுமே இல்லாத ஆளுக்கு வார்டே பரபரப்பாகும். இதைவிட மோசம், நிஜமாவே பொட்டாசியம் குறைஞ்சிருக்கிறவருக்கு 'நார்மல்'னு ரிப்போர்ட் வர்றது. கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காது.

இன்னொரு மேட்டர். டெங்கு சீசன்ல 'பிளேட்லெட் இறங்கிடுச்சு'னா வீடே கலங்கிடும். சிலரோட பிளேட்லெட் ஈ.டி.டி.ஏ.யில பட்டதும் கொத்துக் கொத்தா ஒட்டிக்கும். மெஷின் கொத்தை ஒண்ணுனு எண்ணி, குறைவா காட்டிடும். சந்தேகம் வந்தா ரத்தத்தை கண்ணாடித் தகட்டுல பூசி மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. இல்லைனா சிட்ரேட் டியூப்ல திரும்ப எடுப்பாங்க. 'ஏன் திரும்பவும் குத்துறாங்க'னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

ஒரே எழுத்து... டபுள் ஆக்‌ஷன்!

சுருக்கமா எழுதினா நேரம் மிச்சம். ஆனா வில்லத்தனமும் அதுலதான் இருக்கு. 'பி.டி.'யை ஏற்கெனவே பார்த்தோம். இன்னொரு 'பி.டி.' இருக்கு, ப்ளீடிங் டைம். அதே எழுத்து பிளட் டிரான்ஸ்ஃப்யூஷனுக்கும், அதாவது ரத்தம் ஏத்துறதுக்கும் பயன்படுது. ஒண்ணு டெஸ்ட், இன்னொண்ணு சிகிச்சை! 'சி.டி.' க்ளாட்டிங் டைமா, ஸ்கேனா? 'சி/எஸ்' கிருமி வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்டா, சிசேரியனா? 'எல்.எஃப்.டி.' லிவரா, லங்ஸா? சீட்டு எந்த டிபார்ட்மென்ட்ல இருந்து வந்ததுனு பார்த்தாத்தான் புரியும். அப்பவும் புரியலைனா கேட்டுடணும். ஊகிக்கவே கூடாது.

அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற ஜாயின்ட் கமிஷன், 2004-ல 'இதையெல்லாம் எழுதவே கூடாது'னு ஒரு லிஸ்ட்டே போட்டுச்சு. அதுல முதல் குற்றவாளி 'யு'. இன்சுலின் 10 யூனிட்டுனு எழுத 10 போட்டு பக்கத்துல யு போட்டா, அவசரக் கையெழுத்துல அந்த யு பூஜ்யம் மாதிரி தெரியும். 10 யூனிட் 100 ஆகிடும்! 1.0-னு எழுதினா புள்ளி மறைஞ்சு 10 ஆகிடும். புள்ளி 5-னு எழுதி முன்னாடி பூஜ்யம் போடாம விட்டா 5 ஆகிடும். மெக்கானிக்கல் டிராயிங்ல ஒரு புள்ளி தப்பினா மார்க் போகும். இங்கே ஆளே போயிடலாம்.

ஆபத்தான சுருக்கம் உங்க பேர்லயே இருக்கு!

இதுவரை பார்த்ததெல்லாம் டிரெய்லர். மெயின் பிக்சர் இதுதான். ரத்தம் எடுக்கிற வேலையில ரொம்ப உஷாரா இருக்க வேண்டிய சுருக்கம், நம்ம இனிஷியல்!

மத்த ஊர்ல குடும்பப் பேர் வெச்சு ஆளைப் பிரிப்பாங்க. நமக்கு ஒரே ஒரு எழுத்து. ஒரே வார்டுல எத்தனை எம். செல்வி, எத்தனை கே. லட்சுமி இருப்பாங்கனு நினைச்சுப் பாருங்க. முத்துவோட பொண்ணும் எம். செல்வி, மாரியப்பனோட பொண்ணும் எம். செல்வி. ரெண்டு பேரோட டியூப் இடம் மாறினா? ஒருத்தியோட சர்க்கரை இன்னொருத்தி ரிப்போர்ட்ல போகும். ரத்த வகைக்காக எடுத்த டியூப் மாறினா? யோசிக்கவே பயமா இருக்கு.

ரத்தத்துல வகைகள் இருக்குனு வியன்னாவுல கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-ல எழுதினார். அதுக்கு 1930-ல நோபல் பரிசு வாங்கினார். அதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்துறது லாட்டரி மாதிரி. ஓ குரூப்காரருக்கு ஏ குரூப் ரத்தம் போனா, அவர் உடம்பே அந்தச் செல்களை உடைச்சுத் தள்ளும். கிட்னி கெட்டு உயிரே போகலாம். இன்னிக்கு குரூப் பார்க்கத் தெரியாம யாரும் தப்பு பண்றதில்லை. டியூப்ல ஒருத்தர் பேர், உள்ளே இன்னொருத்தர் ரத்தம்னு மாறிப்போறதுதான் பயம். இதுக்கும் ஒரு சுருக்கம் வெச்சிருக்காங்க... 'டபிள்யூ.பி.ஐ.டி.' தப்பான ரத்தம் டியூப்புக்குள்ளனு அர்த்தம். ரத்தம் ஏத்துறதுல நடக்கிற கோளாறுகளைக் கண்காணிக்க இந்தியாவுல 2012 டிசம்பர்ல தனியா ஒரு திட்டமே ஆரம்பிச்சாங்க.

அதனாலதான் நல்ல டெக்னீஷியன் 'நீங்கதானே செல்வி?'னு கேட்க மாட்டாங்க. பயத்துல இருக்கிறவங்க, காது சரியா கேட்காதவங்க எதைக் கேட்டாலும் தலையாட்டிடுவாங்களே! 'உங்க பேர் என்னம்மா? வயசு என்ன?'னு கேட்டு, அவங்க வாயாலயே சொல்ல வைப்பாங்க. ஃபைல்ல இருக்கிற 'யூ.எச்.ஐ.டி.' நம்பரையும் பார்ப்பாங்க. ரத்தம் எடுத்த பிறகு, அவங்க பக்கத்துலயே நின்னு லேபிள் ஒட்டுவாங்க. 'பத்து நிமிஷத்துல மூணு தடவை பேர் கேட்டுட்டாங்க'னு சலிச்சுக்காதீங்க. மூணாவது தடவை கேட்கிறதுதான் உங்க உயிருக்கு இன்ஷூரன்ஸ்.

கேம்ப்ல கேட்கிற பாஷை

என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி., ஆர்.ஆர்.சி.னு நம்ம காலேஜ் கேம்ப்ல ரத்தம் கொடுத்திருப்பீங்க. 18 வயசும் 45 கிலோ எடையும் எச்.பி. 12.5-ம் இருந்தா முதல் கட்டம் பாஸ். நீங்க கொடுக்கிற 350 அல்லது 450 மில்லி போற பையில 'சி.பி.டி.ஏ.1'னு அச்சடிச்சிருக்கும். உறையாம இருக்க சிட்ரேட், செல்கள் சாப்பிட டெக்ஸ்ட்ரோஸ், கூடவே பாஸ்பேட், அடினைன். இந்தக் கட்டுச்சோத்தை வெச்சுக்கிட்டு சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜ்ல 35 நாள் தாக்குப்பிடிக்கும்.

பிறகு அதைப் பிரிப்பாங்க. சிவப்பணு மட்டும் இருக்கிற பை 'பி.ஆர்.பி.சி.' உறைய வெச்ச பிளாஸ்மா 'எஃப்.எஃப்.பி.', இது ஒரு வருஷம் தாங்கும். பிளேட்லெட்டுக்கு ஆயுசு வெறும் 5 நாள்! ஒருத்தர்கிட்ட இருந்தே மெஷின் மூலமா நிறைய பிளேட்லெட் எடுத்தா அது 'எஸ்.டி.பி.' அடுத்த தடவை மொபைல்ல 'அர்ஜென்ட், ஓ பாசிட்டிவ் எஸ்.டி.பி. வேணும்'னு மெசேஜ் வந்தா, என்ன கேட்கிறாங்கனே தெரியாம பத்து குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, இன்னும் தேவையானு கேட்டுட்டு அனுப்புங்க.

பாக்கெட்ல வெச்சுக்கங்க!

ஸ்டாட் - உடனே! லத்தீன்ல 'ஸ்டாட்டிம்'.
என்.பி.ஓ. - வாய் வழியா எதுவும் கொடுக்கக் கூடாது.
ஐ.வி. - நரம்பு வழியா.
சி.ஆர்.பி. - அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதம்.
என்.எஸ்.1 - காய்ச்சலோட ஆரம்ப நாட்கள்ல டெங்குவைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்.
எச்.பி.எஸ்.ஏ.ஜி. - ஹெபடைடிஸ் பி இருக்கானு பார்க்க.
வி.டி.ஆர்.எல். - சிஃபிலிஸ் இருக்கானு பார்க்க.
21 ஜி - ஊசியோட கேஜ். நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். 21 ஜி 0.8 மில்லி மீட்டர், 23 ஜி 0.6 மில்லி மீட்டர்.

கடைசியா ஒண்ணு. பாஷை தெரிஞ்சா பொறுப்பும் கூடவே வரும். ஃப்ரெண்டோட சீட்டு, ஹாஸ்டல் ரூம்மேட்டோட ரிப்போர்ட் கண்ணுல படும். எச்.பி.எஸ்.ஏ.ஜி., வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியும் எழுதுவாங்க, கர்ப்பிணிகளுக்கும் எழுதுவாங்க. ரத்த தானம் செய்த ஒவ்வொரு பைக்கும் கட்டாயம் பார்ப்பாங்க. டெஸ்ட் எழுதியிருக்குங்கிறதுக்காக நோய் இருக்குனு அர்த்தம் இல்லை. அப்படியே இருந்தாலும் அது அவங்க விஷயம். ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலையை அவங்க சம்மதம் இல்லாம வெளியே சொல்றதை 2017-ல வந்த சட்டம் தடுக்குது. சட்டத்தை விடுங்க, கேன்டீன்ல நாம விடுற ஒரு வார்த்தை ஒருத்தரோட படிப்பையே நிறுத்திடலாம்.

ரிப்போர்ட்ல நம்பர் ஏறி இறங்கியிருந்தா நீங்களே டாக்டர் ஆகிடாதீங்க. உங்க வேலை வேற. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியானு அப்பாகிட்ட சரியா சொல்றது, எந்த நேரம் ரத்தம் எடுத்தாங்கனு குறிச்சு வைக்கிறது, புரியாத எழுத்தைத் தைரியமா கேட்கிறது. முக்கியமா, லேப்ல பேர் கேட்டா இனிஷியலோட நிறுத்தாம அப்பா பேரையும் வயசையும் சேர்த்துச் சொல்லுங்க. லேபிள் ஒட்டினதும் ஒரு விநாடி எட்டிப் பார்த்து, உங்க பேர்தானானு படிச்சுட்டு, அப்புறமா பஞ்சை அழுத்திக்கிட்டு எழுந்திருங்க.